டர்போ காரில் இழுவை இல்லையா? காற்றுக் கசிவைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் வழி

செட்டிநாட்டில் கார்கள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வண்டி கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பூட்டிய வீட்டுக் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும். கல்யாணம், பிள்ளையார் நோன்பு, கும்பாபிஷேகம் என்று ஊருக்கு வரும்போது பேட்டரியை மாற்றி, டயருக்குக் காற்று வைத்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. திருமயம் ரோட்டில் ஒரு டிப்பரை முந்தலாம் என்று மிதிக்கும்போதுதான் விஷயம் வெளிவரும்: சத்தம் வருகிறது, இழுவை வரவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் “டர்போ போயிருச்சு சார்” என்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் டர்போ போனதுபோலவே காட்டும் இன்னொரு கோளாறு உண்டு. இன்ஜினுக்காகக் காற்றை அழுத்தித் தரும் விசிறிதான் டர்போ; அது அழுத்திக் கொடுத்த காற்று, இன்ஜினுக்குள் போய்ச் சேருமுன் வழியிலேயே கசிந்துவிடுவது. பூஸ்ட் லீக் என்று பெயர். நம் மெக்கானிக்குகள் ஏர் லீக், டர்போ பைப் லீக் என்பார்கள். புது டர்போ பல ஆயிரங்களை விழுங்கும்; இந்தக் கசிவு பெரும்பாலும் ஒரு ஹோஸ், ஒரு கிளிப், சில சமயம் வெறும் ஓ‑ரிங்கோடு முடிந்துவிடும். பைப்பைச் சோதிக்காமல் டர்போவை இறக்கச் சம்மதிக்காதீர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் ஒரே பிடிவாதம்.

முதலில் காற்றின் பாதை

இன்ஜின் நன்றாக ஆறியபின் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கையால் தொட்டுக்கொண்டே போங்கள். ஃபில்டருக்கு அடுத்து, பல வண்டிகளில் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும். அங்கிருந்து ஒரு குழாய் டர்போவின் வாய்க்குப் போகும். இதுவரை உறிஞ்சும் பக்கம். இங்கே ஓட்டை இருந்தால் காற்று வெளியே போகாது. ஃபில்டரைத் தாண்டாத செம்மண் தூசி நேராக உள்ளே வரும். டர்போவின் விசிறி இலைகளை அது அரம் போட்டதுபோல் தேய்த்துவிடும். இதையும் பார்த்துச் சரிசெய்யத்தான் வேண்டும், ஆனால் நாம் தேடுவது இது இல்லை.

டர்போவின் வெளிவாயிலிருந்து தொடங்குவதுதான் அழுத்தப் பக்கம். அங்கிருந்து ஒரு ஹோஸ், காற்றை ஆற வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும். இன்டர்கூலர் பல கார்களில் முன்புறம் பம்பருக்குப் பின்னால் இருக்கும். ஸ்கார்பியோ எம்ஹாக்கில் இன்ஜினுக்கு மேலேயே, பானெட்டில் உள்ள அந்த மூக்குக்கு நேர் கீழே. இன்டர்கூலரிலிருந்து இன்னொரு ஹோஸ், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு வரும். காற்றை அழுத்தினால் சூடாகும்; வண்டியைக் கடுமையாக மிதிக்கும்போது டர்போவை விட்டு வரும் காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே உள்ள ஹோஸ்தான் சூடு, அழுத்தம், எண்ணெய் ஆவி மூன்றையும் ஒன்றாகத் தாங்குகிறது. சந்தேகப்படுவதை அங்கிருந்து தொடங்குங்கள்.

பெரிய குழாய்களைத் தவிரச் சின்னக் கிளைகளும் உண்டு. மேனிஃபோல்டில் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உட்காரும் துளை, பெட்ரோல் டர்போவில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வ், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய், மேனிஃபோல்டு கேஸ்கெட். எல்லாமே கசியக்கூடிய இடங்கள்தான்.

கசிவுதான் என்று எப்படி ஊகிப்பது

மிதித்தால் மட்டும் “உஸ்ஸ்” என்று காற்று பீறிடும் சத்தம், விட்டதும் நின்றுவிடும். முன்பு 2000 ஆர்பிஎம்மில் முதுகைத் தள்ளிய வண்டி இப்போது 3000 தாண்டியும் அசட்டையாக ஏறும். மைலேஜ் குறையும். இவையெல்லாம் எல்லா டர்போ வண்டிக்கும் பொது.

டீசலில் கறுப்புப் புகை வரும். போட்ட டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாததால் எரியாத கரி அது. ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல்களில் இந்த அடையாளத்தை நம்பாதீர்கள். கரியை டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். சைலன்சர் வாய் சுத்தமாகவே இருக்கும், டிபிஎஃப் விளக்கு மட்டும் அடிக்கடி எரியும். டிபிஎஃப்பைச் சுத்தம் செய்யப் பணம் கட்டி, இரண்டே மாதத்தில் மறுபடி அடைத்துக்கொண்டவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது காற்றுக் குழாய்களைத்தான்.

பெட்ரோல் டர்போ கொஞ்சம் குழப்பும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், சென்சார் அளந்துவிட்ட காற்று வழியில் வெளியேறிவிடுகிறது. கம்ப்யூட்டரோ அந்தக் காற்று உள்ளே வந்ததாக நினைத்துப் பெட்ரோலை ஊற்றும். பிளக் கறுத்துப்போகும். அதே கசிவு த்ராட்டிலுக்கு அடுத்துள்ள மேனிஃபோல்டில் இருந்தால் ஐடிலில் கதை தலைகீழ்: அங்கே வெற்றிடம் இருப்பதால் அளக்காத காற்று உள்ளே புகுந்து, ஐடில் தடுமாறும். மேப் சென்சாரை மட்டும் நம்பும் வண்டிகளில் கலவை கெடாது, இழுவை மட்டும் போகும். செக் லைட் வராமலேயே இருக்கலாம்.

செக் லைட் வந்திருந்தால் ஸ்கேனரில் பி0299 என்ற கோளாறு எண் இருக்கிறதா பாருங்கள். வேண்டிய அழுத்தம் வரவில்லை என்பதுதான் அதன் பொருள்; டர்போ கெட்டது என்பது அல்ல. அந்த எண்ணைப் படித்துவிட்டு டர்போவுக்கு விலை சொல்கிறவர் படித்ததில் பாதியைத்தான் உங்களிடம் சொல்கிறார்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். 40 டிகிரி வெயிலில் காற்று, 25 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 5 சதவீதம் மெலிந்து இருக்கும். ஏசி வேறு இன்ஜினிடமிருந்து பங்கு கேட்கும். மே மாத மதியத்தில் வண்டி கொஞ்சம் சோம்பலாக இருப்பது நோய் அல்ல. காலை ஆறு மணிக்கும் அதே சோம்பல் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

போனில் எண்ணைப் பாருங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, கோளாறு பார்க்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. போனில் டார்க் (Torque) போன்ற ஒரு ஆப் போட்டு, மேப் சென்சாரின் எண்ணைக் கிலோபாஸ்கலில் பாருங்கள்.

சாவியை மட்டும் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் 100 அளவில் இருக்க வேண்டும். அது வெளிக்காற்றின் அழுத்தம். நம் பக்கம் மலை கிடையாது, ஆகவே 100ஐ ஒட்டியே நிற்கும். இங்கேயே 80, 120 என்று காட்டினால் சென்சாரே சந்தேகத்துக்குரியது. குழாயைத் தேடுமுன் அதை முடித்துவிடுங்கள்.

அப்புறம் வெறிச்சோடிய ஒரு நேர் சாலைக்குப் போங்கள். ஓட்டுவது ஒருவர், போனைப் பார்ப்பது இன்னொருவர். இதில் சமரசம் வேண்டாம். ஏற்றம் இல்லாத ஊர் என்பதால் இன்ஜினுக்குச் சுமை கொடுக்க ஒரே வழி: மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்து 3000 வரை விடுவது. எண் 200 வரை போனால், அதில் வெளிக்காற்றின் 100 போக மீதி 100 டர்போ கொடுத்தது. அதாவது 1 பார், டயர்க் கடைக் கணக்கில் 14.5 பிஎஸ்ஐ. பல டீசல்கள் இதற்கும் மேலே போகும். சின்னப் பெட்ரோல் டர்போக்கள் சில இதற்குக் கீழேயே நிற்கும். உங்கள் வண்டிக்கு உரிய எண், அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் வண்டியில் இதே சோதனையைச் செய்தால் கிடைத்துவிடும். நல்ல ஸ்கேனர் என்றால் கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். கேட்டது 220, கிடைத்தது 160 என்றால் எங்கோ போகிறது.

சின்னக் கசிவாக இருந்தால் எண் சரியாகவே வரலாம். கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றி ஈடுகட்டிவிடும். சின்ன டர்போ ஒன்று நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை போகக்கூடியது; அதை ஓயாமல் உச்சத்தில் ஓட்டினால் பேரிங் ஆயுள் குறையும். சின்ன ஓட்டைதானே என்று விட்டுவைத்தவர்களுக்கு முதலில் பொய்யாகச் சொல்லப்பட்ட ‘டர்போ போச்சு’ பிறகு உண்மையாகிவிடுவது இப்படித்தான்.

கண்ணும் விரலும்

கருவி எதுவும் வேண்டாம்; ஒரு டார்ச், கை துடைக்க ஒரு பழைய வேட்டித் துணி. முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். நின்ற வண்டியாக இருந்தால் எலி குடித்தனம் நடத்தியிருக்கும்: கடலைத் தோல், தேங்காய் நார், கிழிந்த பேப்பர். ஃபில்டர் அடைத்திருந்தாலும் இழுவை இதேபோல்தான் போகும். எலி இருந்த வண்டியில் மெல்லிய ரப்பர் குழாய்கள் ஒவ்வொன்றையும் முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்க வேண்டும்; அது கடிப்பது எப்போதும் கண்ணில் படாத பக்கத்தில்தான்.

பெரிய ஹோஸ்களில் தேட வேண்டியது கிழிசலை அல்ல, அழுக்கை. டர்போ வண்டிகளின் குழாய்க்குள் பிரீதர் வழியாக வந்த எண்ணெய் ஆவி மெல்லிய படலமாக இருக்கும், அது இயல்பு. காற்று பீறிடும் இடத்தில் அந்த எண்ணெயும் சேர்ந்து வெளியே வரும். ஹோஸின் வளைவுக்கு அடியில் விரலை விட்டுத் தடவி வெளியே எடுங்கள். சும்மா தூசி என்றால் உலர்ந்து உதிரும். கசிவு என்றால் விரல் நுனியில் செம்மண்ணும் எண்ணெயும் குழைந்த, கறுஞ்சிவப்புப் பசை ஒட்டிக்கொண்டு வரும், தேய்த்தால் நறநறக்கும். நம் ஊர் மண்ணுக்கு இந்த ஒரு நன்மை உண்டு. வேறு இடத்தில் கறுப்பு எண்ணெய் கறுப்பு ரப்பரில் கலந்து மறைந்துவிடும். இங்கே சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

அந்த இடத்தைத் துணியால் துடைத்து, ஹோஸை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு வளைத்தால் வாய் திறக்கும். கிளிப்புக்கு ஒட்டிய ஓரம், வளைவின் அடிப்பக்கம், வேறு எதனோடாவது உரசும் இடம் மூன்றையும் விடாதீர்கள். அழுத்தினால் பலகைபோல் விறைப்பாக இருந்தாலும், கூழ்போல் ஊறிப்போய் இருந்தாலும் அந்த ஹோஸின் காலம் முடிந்தது.

இங்கேயே கசிவு கிடைத்துவிட்டால் நல்லது. ஆனால் ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டாம். பழைய வண்டியில் ஒரு ஓட்டை தனியாக இருப்பது அபூர்வம்.

சோதனை மூடி செய்வது

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் இன்ஜின் ஓடாதபோது வெளியிலிருந்து காற்றை ஏற்றிப் பார்க்க வேண்டும். இதற்கான கருவியை ஹார்டுவேர் கடையிலும் பஞ்சர் கடையிலும் கிடைக்கும் சாமானை வைத்தே செய்துவிடலாம்.

டர்போவின் வாய்க்குப் போகும் ஹோஸைக் கழற்றி அதன் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அதற்குச் சேரும் பிவிசி குழாய்த் துண்டு, 50 மி.மீ.யோ 63 மி.மீ.யோ, ஒரு சாண் நீளம். கூடவே அதே அளவு எண்ட் கேப். கேப்பின் நடுவில் 11.5 மி.மீ. துளை போடுங்கள். பஞ்சர் கடையில் கார் டயருக்கான டியூப்லெஸ் வால்வ் ஒன்று வாங்கி, சோப்புத் தண்ணீர் தடவி, கேப்பின் உள்பக்கத்திலிருந்து வெளியே இழுங்கள். திசை முக்கியம்: உள்ளிருந்து இழுத்தால் அழுத்தம் ஏற ஏற வால்வ் இன்னும் இறுக்கமாக உட்காரும், மாற்றிச் செருகினால் பறந்துவிடும். பிறகு கேப்பைப் பிவிசி பசையால் குழாயில் ஒட்டி ஒரு நாள் காயவிடுங்கள். குழாயின் மறுமுனையை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். வழுவழு பிவிசி ஹோஸுக்குள் வழுக்கும்.

இதை மாட்ட வேண்டிய இடம் டர்போவின் வாய்க்கு மிக அருகில். ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து மாட்டினால் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், ஃபில்டர் பெட்டி எல்லாம் அழுத்தத்தில் மாட்டிக்கொள்ளும். அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இன்னொன்று, இந்த உறிஞ்சும் குழாயில்தான் இன்ஜின் பிரீதர் வந்து சேரும். அதை அடைக்காமல் காற்று ஏற்றினால் இன்ஜினின் எண்ணெய்ப் பகுதிக்குள் அழுத்தம் புகுந்து ஆயில் சீல்களைத் தள்ளிவிடலாம். பிரீதர் இணைப்பைக் கழற்றி, குழாய்ப் பக்கத்து வாயை அடைத்துவிடுங்கள். பாதுகாப்புக்காக ஆயில் ஊற்றும் மூடியையும் திறந்து வையுங்கள்.

கிளிப்பை இறுக்கியபின் மூடியை நைலான் கயிற்றால் பக்கத்தில் உள்ள ஏதாவது பிராக்கெட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். 63 மி.மீ. மூடியின் மேல் 1 பார் என்றால் 30 கிலோவுக்கு மேற்பட்ட விசை அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. மூடிக்கு நேராக முகத்தை வைக்கக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சாவியை எடுத்துப் பையில் வைத்துவிடுங்கள். நின்ற இன்ஜினிலும் சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும்.

பஞ்சர் கடையில் பத்து நிமிடம்

டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் சின்ன பம்ப் இதற்குப் போதாது. கசிவை மீறி அழுத்தத்தை நிறுத்தி வைக்க அதனிடம் காற்று இல்லை. தொட்டி வைத்த கம்ப்ரெசர் வேண்டும். காரைக்குடியில் செக்காலை ரோட்டிலோ நூறடி ரோட்டிலோ தேவகோட்டை ரஸ்தாவிலோ ஏதாவது டயர்க் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். “அண்ணே, டயருக்கு இல்ல, டர்போ பைப்புக்கு. முதல்ல அஞ்சு வைங்க, பதினஞ்சைத் தாண்ட வேணாம்.” இதை அழுத்திச் சொல்லுங்கள். அவர் தொட்டியில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், கையோ பழக்கத்தில் 30க்குப் போய்விடும். 30 பிஎஸ்ஐ பெரும்பாலான வண்டிகளின் குழாய்கள் ஓட்டத்தில் பார்க்கும் அழுத்தத்தைவிட அதிகம். நல்ல இணைப்பையும் கெடுத்துவிடும்.

5 பிஎஸ்ஐயில் பெரிய ஓட்டைகள் பேசிவிடும். தொட்டி நிறைந்ததும் கம்ப்ரெசர் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதால் தேடுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் லெவல் டியூபில் ஒரு மீட்டர் இருந்தால் அருமையான கருவி: ஒரு முனை காதில், மறுமுனையை ஹோஸ் ஹோஸாக, கிளிப் கிளிப்பாக நகர்த்துங்கள். கசிவுக்கு நேரே வந்ததும் சத்தம் சட்டென்று பெரிதாகும்.

பிறகு 10, 15 என்று ஏற்றிச் சோப்புத் தண்ணீருக்கு வாருங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூடி, அரை லிட்டர் தண்ணீர், ஒரு ஸ்பிரே பாட்டில். ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் தெளித்துவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். சின்னக் கசிவு நுரையாகப் பூக்க அரை நிமிடம்கூட ஆகும். பெரிய கசிவோ நுரையை ஊதித் தள்ளிவிடும், ஒன்றும் தெரியாது. அதனால்தான் முதலில் காது, பிறகு சோப்பு. ஆல்டர்னேட்டர் மீதும் ஒயர் கனெக்டர்கள் மீதும் தெளிக்க வேண்டாம். இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் மடிப்பு, மேப் சென்சாரின் அடி, டைவர்ட்டர் வால்வ் இவற்றை மறந்துவிடாதீர்கள்.

ஆயில் மூடி வாயிலும் சைலன்சரிலும் மெல்லிய “ஸ்ஸ்” கேட்டால் பயப்பட வேண்டாம். எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வ் திறந்திருக்கலாம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டியும் கொஞ்சம் காற்று போகும். காற்று அடிப்பதை நிறுத்தினால் அழுத்தம் மெதுவாக இறங்குவதும் இதனால்தான். ஆயில் வாயில் காற்று பலமாக அடித்தால் மட்டும், பிரீதரைச் சரியாக அடைத்தீர்களா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்து கழற்றுமுன் அழுத்தம் முழுவதையும் வால்வ் வழியாக விட்டுவிட வேண்டும். அழுத்தம் இருக்கும்போது கிளிப்பைத் தளர்த்தினால் மூடி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

புகை விட்டுச் சோதிக்கும் மெஷின் சில ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. ஐடில் தடுமாறும் பெட்ரோல் வண்டிக்கு அது நல்ல வழி. ஆனால் அது 1 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில்தான் அழுத்தம் கொடுக்கும், அழுத்தத்தில் மட்டும் வாய் திறக்கும் வெடிப்பைக் காட்டாமல் போகலாம். வீட்டில் சாம்பிராணிப் புகையை ஊதிப் பார்க்கலாமே என்ற யோசனை நம் ஊரில் யாருக்கும் வரும். வேண்டாம். தணலும் சாம்பலும் இன்டேக்குக்குள் போனால் கசிவைவிடப் பெரிய செலவு.

சரிசெய்வது

பல கசிவுகள் இணைப்பில்தான் இருக்கும். ஹோஸைக் கழற்றி, அதன் உள்பக்கத்தையும் அது மாட்டும் குழாயையும் பிரேக் கிளீனர் தொட்ட துணியால் எண்ணெய் போகத் துடையுங்கள். உலரவிட்டுப் பிறகு மாட்டுங்கள். எண்ணெய்ப் பசையோடு மாட்டிய ஹோஸ் எத்தனை இறுக்கினாலும் ஒருநாள் அழுத்தத்தில் கழன்று வரும். குழாயின் ஓரத்தில் சின்ன மேடு ஒன்று இருக்கும். கிளிப் அந்த மேட்டின் மேலே உட்காரக்கூடாது, அதைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும்.

திருகு வைத்த சாதாரண ஹோஸ் கிளிப்பை வெறிகொண்டு இறுக்காதீர்கள். அதன் பல் துளைகள் ரப்பரை அறுத்து அடுத்த கசிவைத் தாங்களே உண்டாக்கும். கம்பெனி ஸ்பிரிங் கிளிப் போட்டிருந்தால் அதே வகையைத் திரும்பப் போடுவது நல்லது. ரப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அது கூடவே போய்வரும். அதிக அழுத்தம் உள்ள டீசல்களுக்குப் போல்ட் வைத்த அகலப் பட்டை கிளாம்ப் போடலாம், பட்டை முழுவதும் சமமாகப் பிடிக்கும். கம்பிப் பூட்டுப் போட்டு ‘டக்’ என்று மாட்டும் வகை இணைப்பு என்றால் உள்ளே ஓ‑ரிங் இருக்கும். தட்டையாகிப்போன ஓ‑ரிங்கை மாற்றி, சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டினால் முடிந்தது. மேப் சென்சாருக்கும் அதே வைத்தியம்.

ஹோஸே கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். எம்‑சீல், இன்சுலேஷன் டேப், சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுவது எல்லாம் சூட்டிலும் எண்ணெயிலும் ஒரு வாரம் நிற்காது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப் மட்டும் விதிவிலக்கு. சுத்தமாகத் துடைத்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் மதுரைவரை மெதுவாக ஓட்டிப்போகத் தாங்கும். வண்டியில் ஒரு ரோல் போட்டு வைக்கலாம்.

கலர் கலராக விற்கும் சிலிகான் ஹோஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. சூட்டுக்கு அவை நல்லவை. ஆனால் சாதாரண சிலிகான் எண்ணெயைத் தாங்காது, உறிஞ்சி ஊறிவிடும். எண்ணெய் ஆவி வரும் டர்போ பக்கத்துக்கு வாங்கினால் உள்ளே ஃப்ளூரோசிலிகான் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பதில் தெரியாத கடையில் கம்பெனி ரப்பர் ஹோஸே மேல்.

இன்டர்கூலர் மேல் சந்தேகம் என்றால் கழற்றி, ஒரு வாயை அடைத்து, மறுவாயில் நம் மூடியை மாட்டி, அண்டாத் தண்ணீரில் முக்கி 15 பிஎஸ்ஐ கொடுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. அலுமினியப் பகுதியில் கல்லடிபட்ட ஓட்டை என்றால் ரேடியேட்டர் கடையில் ஆர்கான் வெல்டிங் செய்து தருவார்கள். பிளாஸ்டிக் தொட்டியின் மடிப்பில் வந்தால் இன்டர்கூலரையே மாற்றுவது நல்லது. திரும்ப மாட்டுமுன் உள்ளே தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாமல் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அந்தத் தண்ணீர் நேரே இன்ஜினுக்குத்தான் போகும்.

முடித்ததும் மூடியை மறுபடி மாட்டி இன்னொரு முறை அழுத்தம் கொடுங்கள். பெரிய ஓட்டையின் இரைச்சலில் மறைந்திருந்த சின்னது இப்போதுதான் கேட்கும். பிறகு பிரீதரைத் திரும்ப இணைத்து, ஆயில் மூடியைப் போட்டு, ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு, அதே சாலையில் அதே மூன்றாவது கியரில் மேப் எண்ணைப் பாருங்கள். டிபிஎஃப் உள்ள வண்டி என்றால் சேர்ந்த கரி எரிந்துபோக நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் 20 நிமிடமாவது சீரான வேகத்தில் ஓட்டுங்கள். புதிதாக மாட்டிய திருகுக் கிளிப்புகளை 100, 200 கிலோமீட்டர் ஓடியபின், இன்ஜின் ஆறியதும், ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கால் சுற்றுத் தளர்ந்திருக்கும்.

அழுத்தம் நிற்கிறது, இழுவை மட்டும் வரவில்லை என்றால்

குழாய்கள் குற்றமற்றவை என்று உறுதியான பிறகு டர்போ பக்கம் போகலாம். அப்போதும் டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வேக்குவம் குழாய்களிலிருந்து தொடங்குங்கள். வேக்குவத்தில் இயங்கும் விஜிடி டீசல்கள் (டர்போவுக்குள் நகரும் இலைகள் உள்ளவை) பெரும்பாலானவற்றில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அந்த இலைகளை நகர்த்தும் ஆக்சுவேட்டரின் கம்பி இழுக்கும், அணைத்ததும் திரும்ப வரும். ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். கம்பி அசையவே இல்லை என்றால் அந்த ரப்பர் குழாயில் எலிப் பல்லைத் தேடுங்கள். குழாய் நன்றாக இருந்தால் வேக்குவத்தைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வ், அதற்கடுத்து உள்ளே கரி பிடித்து இறுகிய இலைகள். அடைத்த டிபிஎஃப்பும் டர்போவைச் சுழலவிடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது டர்போவின் வாயில் இரண்டு விரலை விட்டு விசிறித் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கும். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தண்டு அது, இருக்கத்தான் வேண்டும். முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி ஆடினாலோ, இலை நுனிகள் உறையில் உரசிய கோடுகள் இருந்தாலோ, டர்போ உண்மையிலேயே போய்விட்டது.